வீழ்ந்த அணியை இருமுறை எழுப்பிய பயிற்றுநர் ஏர்ள் பிளேக்

கல்லூரியொன்றின் ஜூபிலி மலரிலே வெற்றிகளைப் பற்றிப் பேசுதல் இயல்பு. கிண்ணம் பெற்ற ஆண்டுகளும், அவ்வாண்டுகளின் அணித் தலைவர்களும் தவறாது இடம்பெறுவர். தோல்வியுற்ற ஆண்டுகளை நினைவுகூர்வார் சிலரே. ஆயினும் எந்தக் கல்லூரியின் விளையாட்டு வரலாற்றையும் ஊன்றி நோக்குவோர், புகழ் பெற்ற ஆண்டுகளுக்கு முன்னே ஓர் இருண்ட காலம் இருந்ததையும், அக்காலத்திலே தளர்ந்த அணியொன்றை ஏற்றுத் தனியே பாடுபட்ட ஒரு பயிற்றுநர் இருந்ததையும் காண்பர். அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் எம் நாட்டவருமல்லர், எம் மொழியினருமல்லர். அமெரிக்கராகிய ஏர்ள் பிளேக் என்பார் அவர். அவர்தம் கதை விளையாட்டு மைதானத்தோடு நில்லாது பரீட்சை மண்டபத்தினுள்ளும் நுழைவதால், மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய முத்திறத்தாரும் அறியத்தக்கதென எண்ணுகின்றோம்.

பிளேக் பயிற்றுவித்த ஆட்டத்தைப் பற்றி முதலிலே ஒரு சொல். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது எம் மாணவர் ஆடும் உதைபந்தாட்டமன்று. அது றகர் ஆட்டத்தின் வழியிலே வந்தது. பந்து முட்டை வடிவினது. அதனைக் கையில் ஏந்தி ஓடலாம், முன்னோக்கி எறியலாம், காலால் உதைக்கவும் செய்யலாம். அணிக்குப் 11 பேர். பந்தைக் கொண்டுள்ள அணிக்கு 4 முயற்சிகள் அளிக்கப்படும். அவற்றினுள் 10 யார் தூரம் முன்னேறாவிடிற் பந்து எதிரணியைச் சேரும். இவ்விதி பின்னர் நாம் கூறப்போகும் ஒரு சம்பவத்துக்கு இன்றியமையாதது.

ஏர்ள் பிளேக் 1897ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்து டிற்றொயிற் நகரிலே பிறந்து, ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரிலே வளர்ந்தார். அம்மாநிலத்து மயாமிப் பல்கலைக்கழகத்திலே கற்று 1918இல் வெளியேறியவர், வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலே கடேற் மாணவராகச் சேர்ந்தார். அங்கே உதைபந்து, கூடைப்பந்து, பேஸ்போல் ஆகிய மூன்றிலும் சிறந்து விளங்கினார். 1919இல் அக்கல்லூரியின் அதிபராக வந்தவர் டக்ளஸ் மக்ஆதர். பின்னாளிலே பசிபிக் போர்முனையின் தளபதியாக உலகறிய விளங்கிய அவருக்கும் இம்மாணவருக்கும் அன்று உண்டான பற்று இறுதிவரை நீடித்தது.

1920இற் பட்டம் பெற்றுக் குதிரைப் படையிலே அதிகாரியான பிளேக், 1922இற் சேவையைத் துறந்து டேற்றனுக்குத் திரும்பித் தந்தையாரின் கட்டட வேலைத் தொழிலிலே ஈடுபட்டார். எனினும் மைதானம் அவரை விட்டபாடில்லை. தொழிலை நடத்திக்கொண்டே 1926இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலும், 1927 முதல் 1933 வரை வெஸ்ற் பொயின்றிலும் துணைப் பயிற்றுநராகக் கடமையாற்றினார். 1934இலே டாட்மத் கல்லூரி அவரைத் தலைமைப் பயிற்றுநராக அழைத்தது.

யேல் பல்கலைக்கழகத்தின் அணியை டாட்மத் அதுகாறும் ஒருமுறையேனும் வென்றதில்லை. எத்தனை வல்லவர் வாய்த்தாலும் யேலின் முன்னே கால் தளரும் என்பது ஒரு சாபம் போல அக்கல்லூரியாரின் மனத்திலே ஊறிவிட்டிருந்தது. இத்தகைய எண்ணம் எம் நாட்டுக் கல்லூரிகளுக்கும் புதிதன்று. ஒரு குறிப்பிட்ட கல்லூரியோடு ஆடும்போது மட்டும் சோர்ந்துவிடும் அணிகளை நாமும் கண்டிருக்கின்றோம். 1935இலே பிளேக்கின் அணி யேலை 14க்கு 6 என்ற புள்ளிகளால் வென்று அச்சாபத்தை நீக்கியது. 1936 முதல் 1938 வரையில் அவரது அணி தொடர்ச்சியாக 22 ஆட்டங்களிலே தோல்வி காணாதிருந்தது.

டாட்மத்திலே அவருக்கு இறுதியாண்டாகிய 1940இலே, நவம்பர் 16ஆம் நாள், மேற்குறித்த சம்பவம் நிகழ்ந்தது. எதிரணி கோர்னெல் பல்கலைக்கழகம். 18 ஆட்டங்களிலே தோல்வியறியாதது. டாட்மத் 3க்கு 0 என முன்னின்றபோது, ஆட்டம் முடியும் தறுவாயிலே கோர்னெல் புள்ளிகள் எடுத்து 7க்கு 3 என வென்றதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆட்டத்தின் திரைப்படத்தைப் போட்டுப் பார்த்தபோது, நடுவரின் தவறினாலே கோர்னெலுக்கு 5ஆவது முயற்சியொன்று கிடைத்திருந்ததும், வெற்றிப் புள்ளிகள் அம்முயற்சியிலேயே பெறப்பட்டதும் தெரியவந்தன. கோர்னெல் தானாகவே வெற்றியைக் கைவிட்டது. ஆட்டம் 3க்கு 0 என டாட்மத்தின் வெற்றியாயிற்று. எவரும் கட்டாயப்படுத்தாமல், உண்மை இன்னதென அறிந்தவுடன் பெற்ற வெற்றியைத் திருப்பிக் கொடுத்த அச்செயல் கல்லூரி விளையாட்டின் வரலாற்றிலே பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்கது. அன்று நேர்மையினாலே பயன் பெற்ற பயிற்றுநர், 11 ஆண்டுகளின் பின்னர் நேர்மை தவறியதன் விலையைக் கொடுக்க நேர்ந்தது விதியின் விளையாட்டுப் போலும்.

அதே 1940இலே வெஸ்ற் பொயின்ற் அணியின் நிலை பரிதாபமாக இருந்தது. ஆடிய 9 ஆட்டங்களிலே வென்றது ஒன்று, சமநிலை ஒன்று, தோற்றவை 7. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திடம் அவ்வணி 48க்கு 0 என்று தோற்றதைப் புதிய அதிபர் ஐக்கெல்பேகர் நேரிலே கண்டு மனம் நொந்தார். போருக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும் கல்லூரி விளையாட்டிலே இவ்வாறு துவண்டு கிடத்தல் ஆகாதெனக் கருதிய அவர் பிளேக்கை அழைத்தார்.

பிளேக் உடனே இசைந்தாரல்லர். அணியின் நோய் இன்னதெனக் கண்டறிந்தே நிபந்தனை விதித்தார். நெடுங்காலமாகச் சேவையிலிருந்த அதிகாரி ஒருவரையே அக்கல்லூரி பயிற்றுநராக நியமித்து வந்தது. அதிகாரிகள் சில ஆண்டுகளில் வேறிடம் செல்வர். ஒருவர் இட்ட அத்திவாரத்தின்மேல் மற்றவர் சுவர் எழுப்பாது புதிதாகக் கிண்டத் தொடங்குவர். இனி அவ்வாறன்றி, பயிற்சியைத் தொழிலாகக் கொண்டோரிடம் அணியை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மேலும், கடேற் மாணவரின் உயரத்துக்கேற்ற நிறை இவ்வளவுதான் என இராணுவ வைத்தியத் துறை விதித்திருந்த எல்லையினாலே, பருத்த உடலினர் அக்கல்லூரியிற் சேர்தல் அரிதாயிருந்தது. அவ்வெல்லையும் தளர்த்தப்பட்டது. இவற்றின் பின்னரே பிளேக் 1941இற் பொறுப்பேற்றார்.

ஓர் ஆண்டிலே யாவும் மாறிவிடவில்லை என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். 1941இல் 5 வெற்றி, 3 தோல்வி, ஒரு சமநிலை. எம் கல்லூரிகளின் பெரும் போட்டியைப் போல, வெஸ்ற் பொயின்றுக்கு வருடந்தோறும் கடற்படைக் கல்லூரியோடு நிகழும் ஆட்டமே பெரும் போட்டி. அதிலே 1941, 1942, 1943 ஆகிய மூன்று ஆண்டுகளும் பிளேக்கின் அணி தோற்றது. முதல் ஆண்டிலேயே பொறுமை இழந்து பயிற்றுநரை மாற்றும் கல்லூரியாக அது இருந்திருப்பின், பின் வந்த புகழ் பிறிதொருவர்க்கோ, ஒருவர்க்குமின்றியோ போயிருக்கும்.

அவரது பயிற்சி முறையிலே மாயமொன்றுமில்லை. கடேற் மாணவருக்கு நாள்தோறும் பாடமும் அணிவகுப்பும் உண்டு. பயிற்சிக்குக் கிடைக்கும் நேரமோ சிறிது. அச்சிறு பொழுதிலே ஒரு நிமிடமும் வீணாகாதபடி முன்கூட்டியே திட்டம் எழுதி வைப்பார். ஆட்டங்களின் திரைப்படங்களைத் துணைப் பயிற்றுநர்களோடு இருளறையிலே மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு வீரனும் எவ்விடத்திலே ஓரடி பிந்தினான், எவ்விடத்திலே தோளைத் தாழ்த்தத் தவறினான் என்று ஆராய்வார். பின்னர் அப்பிழையொன்றையே எடுத்துத் திருத்துவார். சில முறைகளை மட்டும் கற்பித்து, அவற்றைப் பிழையின்றிச் செய்யும்வரை விடாதிருத்தலே அவர்தம் வழி.

1944இலே பயன் கிடைத்தது. 1931இன் பின்னர் வெல்ல முடியாதிருந்த நோற்றர் டேம் அணியை 59க்கு 0 என்று வென்றனர். கடற்படைக் கல்லூரியையும் 23க்கு 7 என்று வென்றனர். 1944 முதல் 1946 வரையிலான மூன்று ஆண்டுகளிலே 27 வெற்றி, ஒரு சமநிலை, தோல்வி இல்லை. பெலிக்ஸ் பிளாஞ்சாட், கிளென் டேவிஸ் என்னும் இரு வீரரும் முறையே 1945இலும் 1946இலும் அந்நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹைஸ்மன் பரிசைப் பெற்றனர். போர்க்காலத்திலே ஏனைய பல்கலைக்கழகங்கள் தம் வீரரைப் படைக்கு இழந்திருக்க, இராணுவக் கல்லூரிக்கு வல்லவர் பலர் வந்து சேர்ந்தமையும் அவ்வெற்றிகளுக்கு ஒரு காரணம் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் போர் முடிந்த பின்னரும் அணி தளரவில்லை. 1948, 1949 ஆகிய இரு ஆண்டுகளும் தோல்வியின்றிக் கழிந்தன.

இவ்வளவோடு கதை முடிந்திருப்பின் நாம் இதனை எழுத முற்பட்டிருக்கமாட்டோம். வென்ற பயிற்றுநர் உலகிலே பலர். பிளேக்கின் வாழ்வு எமக்குப் பாடமாவது 1951ஆம் ஆண்டிலேதான்.

வெஸ்ற் பொயின்றிலே கண்ணியக் கோவை என்றொரு நியதி உண்டு. மாணவன் பொய் கூறலாகாது, களவு செய்யலாகாது, பரீட்சையிலே வஞ்சித்தலாகாது. பிறர் செய்வதை அறிந்தும் வாளாவிருத்தல் கூடாது. இந்நியதியை நம்பி, ஒரே வினாக்களையே மாணவரின் ஒரு பிரிவினருக்கு ஒரு நாளும் மறு பிரிவினருக்கு வேறொரு நாளும் கொடுத்து வந்தனர். முதலில் எழுதியோர் வினாக்களைப் பிந்தி எழுதுவோருக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் இரகசியமாக வளர்ந்தது. பயிற்சியாலும் பயணத்தாலும் பாடத்திலே பின்தங்கிய விளையாட்டு வீரருக்கு உதவுதல் என்னும் போர்வையிலே அது அணியினுள்ளும் பரவிற்று.

1951 ஓகஸ்ட் 3ஆம் நாள், ஏறக்குறைய 90 மாணவர் இக்குற்றத்திற்காக விலக்கப்படுவர் எனக் கல்லூரி அறிவித்தது. அவர்களுள் 30க்கு மேற்பட்டோர் உதைபந்தாட்ட வீரர். அணியின் பெரும் பகுதி ஒரே நாளிற் போயிற்று. போனவர்களுள் ஒருவர் பந்தை முதலில் ஏற்று ஆட்டத்தை நடத்தும் பொறுப்பிலிருந்த பொப் பிளேக். பயிற்றுநரின் சொந்த மகன்.

தந்தையொருவருக்கும் ஆசிரியரொருவருக்கும் இதனினும் பெரிய துன்பம் வருதல் அரிது. பத்திரிகைகள் கல்லூரியைத் தூற்றின. இராணுவ, கடற்படைக் கல்லூரிகளிலே இவ்வாட்டத்தையே நிறுத்திவிட வேண்டும் என்ற குரல் நாட்டின் சட்டமன்றத்திலும் எழுந்தது. பிளேக் பதவியைத் துறக்க எண்ணினார். அவ்வாண்டு ஏப்ரலிலே தாமும் பதவியிழந்து நியூ யோர்க்கிலே வாழ்ந்துகொண்டிருந்த மக்ஆதரிடம் சென்று ஆலோசனை கேட்டார். விலகிச் செல்லாது நிலைத்து நிற்குமாறு பழைய அதிபர் தம் பழைய மாணவருக்கு அறிவுறுத்தினார். பிளேக் நின்றார். பத்திரிகையாளரை அழைத்து, விலக்கப்பட்ட இளைஞர் இயல்பிலே தீயவரல்லர் என்றும், அவர்களை ஆயுள் முழுவதும் களங்கப்படுத்தல் தகாதென்றும் வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

இவ்விடத்திலே எம் கருத்தையும் கூறல் வேண்டும். வஞ்சனை வஞ்சனையே, அணிக்காகச் செய்தாலும், நண்பனுக்காகச் செய்தாலும் அதன் பெயர் மாறாது. கல்லூரி தன் நியதியை நிலைநாட்டியமை பிழையன்று. விளையாட்டுக்கு அளவு மீறிய இடம் கொடுக்கப்பட்டமையே இதற்கு மூலம் என்று பிளேக்கின்மீது சாட்டப்பட்ட குற்றத்தையும் முற்றாகத் தள்ளிவிட இயலாது. தம் வீரரின் கால் எங்கே தவறியது என்று திரைப்படத்தில் நுணுகிக் கண்டவர், அவர்தம் மனத்தின் பாரத்தைக் காணாதிருந்தார். ஆயினும், வென்றபோது எம் பிள்ளைகள் என்று அணைத்தவர், வழுக்கி வீழ்ந்தபோது யாரோ என்று கைகழுவவில்லை. பிழையைப் பிழை என்று தண்டிக்கும் கல்லூரியும், தண்டனை பெற்ற மாணவனை மனிதனாக மதிக்கும் ஆசிரியரும் ஒருங்கே வேண்டப்படுவர் என்பதே எம் துணிபு.

அவ்வாண்டுப் பருவம் தொடங்குவதற்கு எஞ்சியிருந்தவை சில வாரங்களே. மிஞ்சியோர் அனுபவமில்லாத இளைஞர். முந்திய ஆண்டுகளிலே ஓரத்தில் அமர்ந்து பார்த்திருந்தோர். முதல் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. அவற்றுள் ஒன்று அவரே கட்டியெழுப்பிய டாட்மத்திடம். பருவம் முடிந்தபோது வெற்றி 2, தோல்வி 7. கடற்படைக் கல்லூரியோ 42க்கு 7 என்று வாரியடித்தது. 1940இன் இழிநிலைக்கே அணி திரும்பிவிட்டது போலத் தோன்றிற்று. பிளேக்குக்கு அப்போது வயது 54. பத்தாண்டு உழைப்பு பாழாகிய பின்னர் மீண்டும் முதற் கல்லிலிருந்து தொடங்குதல் எளிதன்று.

1941இலே அவருக்குப் புதிய விதிகளும் புதிய வீரரும் கிடைத்தனர். 1951இலே கிடைத்தவர் மிஞ்சியவர் மட்டுமே. எனவே அவர்களையே நம்பினார். 1949 முதல் அவருக்குத் துணையாயிருந்த வின்ஸ் லொம்பாடி முதலியோரோடு, அதே திட்டம், அதே திரைப்படம், அதே பிழை திருத்தம் என்று நாள்தோறும் உழைத்தார். 1952இலே 4 வெற்றி, 4 தோல்வி, ஒரு சமநிலை. கடற்படைக் கல்லூரியிடம் மீண்டும் தோல்விதான். ஆனால் இம்முறை 7க்கு 0 மட்டுமே. 42 புள்ளி கொடுத்தவர்கள் ஓராண்டிலே 7 புள்ளியோடு தடுத்து நின்றார்கள். தோல்வியையும் அளந்து பார்க்கத் தெரிந்தவர்க்கே அதனுள் இருக்கும் முன்னேற்றம் புலப்படும்.

1953 ஒக்டோபர் 17ஆம் நாள் நியூ யோர்க் நகரத்துப் போலோ மைதானத்திலே, அவ்வாண்டு தோல்வியறியாது வந்த டியூக் பல்கலைக்கழக அணியை எதிர்த்தனர். ஆட்டம் முடிவை நெருங்கியபோது வெஸ்ற் பொயின்ற் 14க்கு 13 என்று ஒரே புள்ளியால் முன்னின்றது. அவ்வேளையிலே டியூக் வீரனொருவன் பந்துடன் தடுப்பாரின்றி 70 யார் தூரத்துக்கு மேல் ஓடினான். வெற்றி டியூக்குக்கே என எல்லாரும் எண்ணினர். நெடுந்தூரம் பிந்தியிருந்த பொப் மிஸ்சாக் என்னும் கடேற் வீரன் நம்பிக்கை இழக்காது துரத்திச் சென்று, எல்லைக்கு 7 யார் முன்னே அவனைப் பிடித்து வீழ்த்தினான். பின்னர் டியூக்கின் 4 முயற்சிகளையும் அணி முழுவதும் சுவரென நின்று தடுத்தது. இறுதி முயற்சி எல்லைக்குச் சில அங்குலங்களுக்கு முன்னே நின்றது. ஆட்டம் முடிந்ததும் கடேற் மாணவர் மைதானத்துட் பாய்ந்து தம் வீரரைச் சூழ்ந்துகொண்டனர். இரண்டு ஆண்டுகளாகத் தலைகுனிந்திருந்த கல்லூரி அன்று தலை நிமிர்ந்தது. அப்பருவத்திலே 7 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. கடற்படைக் கல்லூரியையும் 20க்கு 7 என்று வென்று, கிழக்கு மாநிலங்களின் சிறந்த அணிக்குரிய லம்பேட் கிண்ணத்தைப் பெற்றனர்.

இதன் பின்னர் பிளேக் மேலும் ஐந்து பருவங்கள் பயிற்றுவித்தார். 1958இலே ஒரு வீரரை ஏனையோரோடு கூடி ஆலோசிக்க விடாது மைதானத்தின் ஓரத்திலே தனியே நிறுத்தும் புது முறையொன்றைக் கையாண்டு எதிரணிகளைத் திகைக்கச் செய்தார். பில் காப்பென்ரர் என்னும் அவ்வீரர் தனித்த வீரர் என்றே பெயர் பெற்றார். அவ்வாண்டு 8 வெற்றி, ஒரு சமநிலை; தோல்வியில்லை. அணித் தலைவர் பீற் டோக்கின்ஸ் ஹைஸ்மன் பரிசு பெற்றார். அவர் சிறு வயதிலே இளம்பிள்ளைவாதத்தால் வருந்தி மீண்டவர். கடேற் படையின் முதற் தலைவர். கல்வியிலும் முன்னணியில் நின்று றோட்ஸ் புலமைப் பரிசிலோடு ஒக்ஸ்போட் சென்றவர். பரீட்சையிலே வஞ்சித்து வீழ்ந்த அணியை ஏழு ஆண்டுகளின் பின்னர் கல்வியிலும் சிறந்த ஒருவர் தலைமை தாங்கி நின்றார் என்பதை எம் மாணவர் மனங்கொள்வாராக.

1959 ஜனவரியிலே, தோல்வியறியாப் பருவத்தோடு பிளேக் ஓய்வு பெற்றார். வெஸ்ற் பொயின்றிலே 18 பருவங்களில் அவர் கண்ட வெற்றி 121, தோல்வி 33, சமநிலை 10. அவரிடம் தொழில் கற்ற லொம்பாடி அதே ஆண்டிலே கிறீன் பே அணியை ஏற்றார். அதுவும் முந்திய பருவத்திலே ஒரே ஒரு ஆட்டம் வென்றிருந்த நலிந்த அணி. அதனை நாட்டின் முதலணியாக உயர்த்திய லொம்பாடியின் பெயராலேயே இன்று அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் முதற் கிண்ணம் வழங்குகின்றது. ஆசிரியர் கற்பித்தது பாடமாக மட்டும் நில்லாது மாணவரின் வாழ்விலே மீண்டும் பலித்தமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஓய்வின் பின்னரும் நாடு அவரை மறக்கவில்லை. 1963 செப்ரெம்பரிலே அலபாமா மாநிலத்துப் பேமிங்காம் நகரிலே தேவாலயமொன்றில் வெடித்த குண்டினாற் கறுப்பினச் சிறுமியர் நால்வர் உயிரிழந்தபோது, அங்கே இரு இனத்தவரிடையேயும் சமாதானம் பேச ஜனாதிபதி கென்னடி அனுப்பிய இருவருள் பிளேக்கும் ஒருவர். 1986இலே ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1989 மே 6ஆம் நாள் கொலறாடோ ஸ்பிறிங்ஸ் நகரிலே தம் 92ஆவது வயதிலே காலமாகி, வெஸ்ற் பொயின்ற் மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டார். 1999இலே அக்கல்லூரியின் ஆட்டக்களம் அவர் பெயரைப் பெற்றது.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கணழியாமையை வைத்தார். முயற்சி ஒன்றே போதுமெனின் இரண்டாவது அதிகாரத்துக்கு இடமில்லை. முயன்று கட்டியது இடிந்து விழும் நாளும் வரும்; அந்நாளிலே தளராதிருத்தல் வேறொரு பண்பு. பிளேக் முதன்முறை அணியை எழுப்பியது முன்னதனால். இரண்டாம் முறை எழுப்பியது பின்னதனால். எம் கருத்திலே இரண்டாவதே பெரிது.

கல்லூரியின் அணி தோற்கும் ஆண்டுகள் இனியும் வரும். அப்போது பழைய மாணவராகிய நாம் கூட்டத்தின் ஓரத்திலே நின்று பயிற்றுநரைக் குறைகூறுவது எளிது. புதிதாக வந்தவருக்கு மூன்று ஆண்டுகளேனும் அவகாசம் கொடுப்போமாக. மிஞ்சிய மாணவரை நம்புவோமாக. எக்காலத்தும், மைதானத்து வெற்றியைப் பரீட்சை மண்டபத்து நேர்மையை விற்று வாங்காதிருப்போமாக. இவை மூன்றும் உள்ள கல்லூரிக்குத் தோல்வி சில ஆண்டுத் துன்பமேயன்றி நிலையான இழிவாகாது.